மாடியில் டவர், தலையணைக்கடியில் செல்போன்

பட்டன் செல்போன் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சத்தம் நினைவிருக்கும். டீக்கடை ரேடியோவுக்குப் பக்கத்தில் செல்போன் இருந்தால், மணி அடிப்பதற்கு ஓரிரு நொடி முன்பே ரேடியோ 'டிர்ர்... டிக்குடிக்கு... டிர்ர்' என்று இரையும். "யாருக்கோ போன் வருதுப்பா" என்பார் கடைக்காரர். அவர் வாயை மூடுவதற்குள் யாரோ ஒருவருடைய சட்டைப்பை ஒலிக்கும். செல்போனின் அலையை நம்மில் பெரும்பாலோர் காதால் கேட்டது அப்போதுதான். அந்தக் காலத்து ஜிஎஸ்எம் போன்கள் நொடிக்கு 217 முறை, துண்டு துண்டாக அலையை அனுப்பின. டவரோடு தொடர்பைப் பிடிக்கும் அந்த முதல் நொடிகளில் முழுப் பலத்தோடு, உச்சத்தில் 2 வாட் வரை அனுப்பின. அந்தத் துடிப்புதான் ரேடியோவின் கம்பிகளில் ஏறி இரைச்சலாக வெளிவந்தது.

ரேடியோவையே இப்படி உலுக்குகிற ஒன்று, காதோடு ஒட்டி வைத்திருக்கிற மண்டையை மட்டும் சும்மா விட்டுவிடுமா? நியாயமான கேள்வி. இந்தியாவுக்கு செல்போன் வருவதற்கு முன்பே உலகம் இதைக் கேட்டுவிட்டது. 1993 ஜனவரியில் அமெரிக்காவின் லாரி கிங் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஒருவர் தோன்றி, தன் மனைவி மூளைக்கட்டியால் இறந்ததற்கு செல்போன்தான் காரணம் என்றார். கைபேசி நிறுவனங்களின் பங்கு விலை சரிந்தது. அவர் தொடுத்த வழக்கு போதிய ஆதாரம் இல்லையென்று 1995-ல் தள்ளுபடியானது. அதே 1995-ல், ஜூலை 31 அன்று, கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்ததுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. கருவிக்கு முன்பே அதைப் பற்றிய பயம் பிறந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு மாடியில் டவர் வைக்க வந்தார்கள். தெருவே திரண்டுவிட்டது. எதிர்வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எழுதுறவரு நீங்க, சொல்லுங்க. டவர் வந்தா புத்துநோய் வருமாமே, நெசமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. பேச்சுவாக்கில் அவரே சொன்னார், காலை நாலரைக்கு அலாரம் அடிக்கவேண்டும் என்பதற்காக செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவாராம். பக்கத்தில் அவருடைய பேரன். அன்று தொடங்கி இந்த விஷயத்தில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன். படித்தவரை எனக்குப் படுவது இதுதான்: நம் பயம் முழுக்க வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது போய் உட்கார்ந்திருக்கிற இடம் தவறு.

முதலில் 'கதிர்வீச்சு' என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். இந்த ஒரு சொல்லுக்குள் ஹிரோஷிமாவும் இருக்கிறது, வீட்டு வைஃபையும் இருக்கிறது. குழப்பம் பாதி அங்கேயே தொடங்குகிறது. எக்ஸ்-கதிர், காமா கதிர் போன்றவை அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறியக் கூடியவை. டிஎன்ஏ இழையை நேரடியாக அறுப்பவை. அதற்கு ஏறத்தாழ 10 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் வைஃபை அலையின் ஒரு துகளில் இருப்பது ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது தேவையானதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மரத்திலிருக்கும் மாங்காயை விழவைக்க ஒரு கல் போதும். பஞ்சு உருண்டையைப் பத்து லட்சம் முறை எறிந்தாலும் காம்பு அறாது. செல்போனும் வைஃபையும் புளூடூத்தும் எறிவது பஞ்சைத்தான்.

ஆனால் பஞ்சும் ஓயாமல் பட்டால் ஒன்று நடக்கும். சூடேறும். மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. அடுப்பு 800, 1,000 வாட்டை ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடைத்துப் பாய்ச்சுகிறது. வீட்டு ரவுட்டர் 0.1 வாட் அளவில் நாலாபுறமும் சிதறவிடுகிறது. காதுக்குள் செருகும் புளூடூத் கருவி பெரும்பாலும் அதிலும் சின்னஞ்சிறு பங்கு. அரைமணி நேரம் பேசினால் காது சுடுகிறதே என்பார்கள். அந்தச் சூட்டில் பெரும்பகுதி பேட்டரியும் சிப்பும் கக்குவது. கண்ணாடித் தகடு காதை அழுத்தி மூடிக் காற்றுப் படாமல் செய்வதும் சேர்ந்துகொள்கிறது. அலையால் மட்டும் மூளைத்திசு சூடேறுவது, போன் உச்ச பலத்தில் இயங்கினாலும் டிகிரியில் பத்தில் ஓரிரு பங்குதான். சாதாரணக் காய்ச்சலில் ஏறுவது அதைப்போல் பத்து மடங்கு.

இந்தச் சூட்டை வைத்துத்தான் உலகம் எல்லை வகுத்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பழக்கிய எலிகளும் குரங்குகளும், உடல் எடை ஒரு கிலோவுக்கு 4 வாட் அளவில் அலையை உள்வாங்கியபோது கற்ற வேலையைச் செய்யாமல் தடுமாறின. உடல் வெப்பம் ஒரு டிகிரி அளவில் ஏறியது. அதை 50-ஆல் வகுத்து, பொதுமக்களின் முழு உடலுக்கு 0.08 வாட் என்று வைத்தார்கள். தலை போன்ற ஓரிடத்துக்குத் தனி எல்லை. ஐரோப்பா பின்பற்றுவது 10 கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 2 வாட். அமெரிக்கா 1 கிராம் சராசரியில் 1.6 வாட். இந்தியா முதலில் ஐரோப்பிய அளவை வைத்திருந்தது. 2012 செப்டம்பர் 1 முதல் கடுமையான 1.6-க்கு மாறிக்கொண்டது. உங்கள் போனில் *#07# என்று அழுத்திப் பாருங்கள். 'சார்' என்று, உடல் அலையை உள்வாங்கும் அளவைக் காட்டும் ஒரு எண் வரும். தலைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று. அது போன் முழுப் பலத்தில் கத்தும்போது அளந்த எண். நாள்தோறும் உங்கள் மேல் படுகிற அளவு அதைவிடப் பெரும்பாலும் வெகு குறைவு. இந்தச் சோதனை வெறும் சடங்கும் இல்லை. 2023 செப்டம்பரில் பிரான்ஸ் அரசு ஐபோன் 12-இன் விற்பனையையே நிறுத்தியது. கையிலோ பேண்ட் பையிலோ இருக்கும்போது 4 வாட்டுக்குள் இருக்கவேண்டிய அளவு 5.74 என்று வந்ததுதான் காரணம். மென்பொருளைத் திருத்திய பிறகே அனுமதி கிடைத்தது.

இந்த எல்லைகளில் இரண்டு ஓட்டைகள் உண்டு. இதை மறைப்பது நேர்மையாகாது. சோதனைக்குப் பயன்படும் திரவம் நிரப்பிய பொம்மைத் தலை, அமெரிக்க ராணுவத்தினரின் அளவுகளை வைத்து வார்த்த, பெரிய உருவம் கொண்ட ஓர் ஆணின் தலை. ஆறு வயதுக் குழந்தையின் மண்டை ஓடு மெல்லியது, உள்ளே ஈரம் அதிகம். ஒரே போனை ஒரே மாதிரி பிடித்தாலும் குழந்தையின் மூளை சராசரியாக இரண்டு மடங்கும், மண்டையோட்டு எலும்பு மச்சை பத்து மடங்கு வரையும் அலையை உள்வாங்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையே பதிவு செய்திருக்கிறது. அடுத்தது, சூடேற்றாத அளவில் பல ஆண்டுகள் தொடர்ந்து பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த எல்லையில் பதில் இல்லை. 1996-ல் வகுத்த எல்லையை ஏன் மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள் என்பதற்குச் சரியான விளக்கம் தரவில்லை என்று 2021 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தைக் கண்டித்தது. எல்லை தவறென்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. காரணத்தைச் சொல் என்றது. நாமும் கேட்கவேண்டியது அதைத்தான்.

சரி, மனிதர்களிடம் பார்த்தது என்ன? இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பயத்துக்கும் தைரியத்துக்கும் ஆதாரமாக இரண்டு தரப்பும் கையில் பிடித்திருப்பது ஒரே ஆய்வு: 13 நாடுகள் சேர்ந்து நடத்தி 2010-ல் வெளியிட்ட 'இண்டர்ஃபோன்'. கிளையோமா என்ற மூளைக்கட்டி வந்த 2,708 பேரையும், அவர்களுக்கு இணையான நலமான ஆட்களையும் உட்காரவைத்து, எத்தனை ஆண்டு, நாளுக்கு எத்தனை நேரம், எந்தக் காதில் பேசினீர்கள் என்று கேட்டார்கள். வந்த விடை ஆய்வாளர்களையே திகைக்கவைத்தது. வழக்கமாக செல்போன் பயன்படுத்துகிறவர்களுக்குக் கட்டி வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிடக் குறைவாகத் தெரிந்தது. செல்போன் புற்றுநோய்க்கு மருந்தா? இருக்க முடியாது. கேட்ட விதத்தில் கோணல் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்கள் என்ற கடைசிப் பத்து சதவீதத்தில் மட்டும் வாய்ப்பு 40 சதவீதம் கூடியிருந்தது.

1,640 மணி நேரம் என்பது பத்து ஆண்டுக்கு நாள்தோறும் அரைமணிக்கும் சற்றுக் குறைவு. இன்றைக்கு அது ஒரு பேச்சே இல்லை. அதனால்தான் அந்த 40 சதவீதம் உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. ஆனால் அந்தக் குழுவில் சிலர் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொல்லியிருந்தார்கள், அதுவும் கட்டணம் கழுத்தை நெரித்த காலத்தில். மூளையில் கட்டி வந்த ஒருவர், "இது எனக்கு ஏன் வந்தது?" என்று இரவெல்லாம் யோசித்திருப்பார். எந்தக் காதில் போனை வைத்தோம் என்பதைக்கூட அந்த யோசனை திருத்தி எழுதிவிடும். அவரைக் குறை சொல்ல முடியாது. துயரத்தில் இருக்கிற எவருடைய நினைவும் அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் அந்த நினைவை அளவுகோலாக வைத்து நோயின் காரணத்தை அளக்க முடியாது.

அதனால் ஆய்வாளர்கள் வழியை மாற்றினார்கள். நோய் வந்த பிறகு கேட்பதற்குப் பதில், நலமாக இருப்பவர்களை முன்கூட்டியே பதிந்துவைத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். டென்மார்க்கில் 3,58,403 சந்தாதாரர்களின் பதிவேட்டைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். 2011-ல் வெளியான விடையில் கூடுதல் அபாயம் இல்லை. நிறுவனத்தின் பெயரில் போன் வைத்திருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை என்ற குறை நியாயமானது, ஏனென்றால் அன்றைக்கு அதிகம் பேசியவர்கள் அவர்கள்தான். பிரிட்டனில் 7,76,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. நாள்தோறும் பேசியவர்கள், பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்தவர்கள் எவரிடமும் மூளைக்கட்டி கூடவில்லை. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 2,64,574 பேரைப் பின்தொடர்ந்த 'காஸ்மாஸ்' ஆய்வு 2024-ல் வந்தது, அதிலும் இல்லை. 10 முதல் 24 வயது வரையிலானவர்களைப் பற்றிய 'மொபி-கிட்ஸ்' ஆய்வில் 14 நாடுகள் பங்கேற்றன; இந்தியாவும் அவற்றில் ஒன்று. மூளைக்கட்டி வந்த 899 இளையோரை ஒப்பிட்டுப் பார்த்தும் செல்போன் காரணம் என்று சொல்லத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டு, 22 நாடுகளின் 63 ஆய்வுகளை ஒருசேர அலசிய அறிக்கை 2024-ல் வெளியானது. பத்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்பது அதன் முடிவு.

இதையெல்லாம்விட எளிய சோதனை ஒன்று உண்டு. முப்பது ஆண்டில் உலக மக்கள் தொகையின் பெரும்பகுதி கையில் செல்போனை எடுத்திருக்கிறது. சிகரெட் பரவியபோது நுரையீரல் புற்றுநோய் எப்படி ஏறியதோ, அப்படி மூளைக்கட்டியும் ஏறியிருக்கவேண்டும். புற்றுநோய்ப் பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருக்கும் ஸ்காண்டிநேவிய நாடுகளில் அப்படி ஏறவில்லை. இங்கிலாந்தில் கிளையோபிளாஸ்டோமா என்ற ஒரு கொடிய வகை மட்டும் 1995-க்கும் 2015-க்கும் இடையில் இரட்டிப்பானது என்று ஓர் ஆய்வு காட்டியது. அது முதியவர்களிடம் அதிகம் கூடியது. ஸ்கேன் வசதி பெருகியதால் முன்பு பெயரில்லாமல் போன கட்டிகள் இப்போது பெயரோடு பதிவாகின்றன என்பது ஒரு விளக்கம். அந்த விளக்கமே முழுக் கணக்கையும் தீர்த்துவிடுகிறது என்று நான் சொல்லமாட்டேன்.

அப்படியானால் உலக சுகாதார நிறுவனமே செல்போனைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்தது ஏன்? 2011 மே 31 அன்று, பிரான்ஸின் லியோன் நகரில், அந்த நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையில், 14 நாடுகளின் 31 விஞ்ஞானிகள் கூடி, இவ்வகை அலைகளை '2பி' என்ற பிரிவில் வைத்தார்கள். 'புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்பது அதன் பொருள். சந்தேகத்தைத் தள்ளவும் முடியவில்லை, ஏற்கவும் ஆதாரம் போதவில்லை என்னும்போது வைக்கிற தட்டு அது. கற்றாழை முழு இலைச் சாறும் கிழக்காசியப் பாரம்பரியக் காய்கறி ஊறுகாயும் அதே தட்டில் இருக்கின்றன. புகையிலை இருப்பது முதல் பிரிவில். நம் வாட்ஸ்அப் செய்திகளில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன; அதுதான் எனக்கு வருத்தம். 2019-ல் அதே முகமையின் ஆலோசனைக் குழு, இந்த அலைகளை மறுபடியும் ஆராய முன்னுரிமை கொடுக்கவேண்டும் என்றது. அதற்குக் காரணமாக இருந்தவை எலிகள்.

அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம், 3 கோடி டாலர் செலவில் நடத்திய ஆய்வு அது. எலிகள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி இரண்டு ஆண்டு, நாளுக்கு 9 மணி நேரம், பத்து நிமிடம் அலை, பத்து நிமிடம் ஓய்வு என்று உடல் முழுக்கப் பாய்ச்சினார்கள். 2018-ல் வந்த இறுதி அறிக்கை, ஆண் எலிகளின் இதயத்தில் 'ஷ்வான்னோமா' என்ற கட்டி வந்ததற்குத் 'தெளிவான ஆதாரம்' உண்டு என்றது. அதிக அளவு பட்ட குழுக்களில் 90 எலிக்கு 5, 6. அலை படாத 90 எலிகளில் ஒன்றுகூட இல்லை. அதே ஆண்டு இத்தாலியின் ரமாத்சினி நிறுவனம், இதைவிடக் குறைந்த அளவில் 2,448 எலிகளிடம் பார்த்து அதே வகைக் கட்டியைச் சொன்னது. இரண்டு வெவ்வேறு கூடங்களில் ஒரே கட்டி என்பதைச் சாதாரணமாகத் தள்ள முடியாது. போதாக்குறைக்கு, மனிதனின் காது நரம்பில் வரும் கட்டியும் இதே ஷ்வான் செல்லில் பிறப்பதுதான். விலங்கு ஆய்வுகளை உலக சுகாதார நிறுவனத்துக்காகத் தொகுத்த 2025-ஆம் ஆண்டு அறிக்கையும் ஆண் எலிகளின் இதயக்கட்டி விஷயத்தில் ஆதாரம் வலுவானது என்றே மதிப்பிட்டது.

ஆனால் அந்த எலிகள் பெற்ற உச்ச அளவு, உடல் முழுவதற்கும் கிலோவுக்கு 6 வாட். நமக்கு வகுத்த 0.08-ஐப் போல 75 மடங்கு. பெண் எலிகளிடம் அந்தத் தெளிவு இல்லை, சுண்டெலிகளிடமும் இல்லை. அலை பட்ட ஆண் எலிகள், படாதவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன. இதை ஒருவரும் திருப்தியாக விளக்கவில்லை. அதிக நாள் வாழ்ந்தால் கட்டி வளரவும் நாள் கிடைக்கும் என்பார்கள் சிலர். எலிக்கு வந்தால் மனிதனுக்கு வரும் என்று சொல்லவும் கூடாது, எலிக்குத்தானே என்று ஒதுக்கவும் கூடாது. எனக்கு ஆதங்கம் என்னவென்றால், இப்படி ஒரு விடை வந்த பிறகு அதை வேகமாகத் தொடர்ந்திருக்கவேண்டிய அமெரிக்க அமைப்பே, தொழில்நுட்பச் சிக்கலையும் செலவையும் காரணம் காட்டி 2024-ல் இந்த வரிசையை நிறுத்திக்கொண்டது.

பணம் என்றதும் இன்னொன்று. யார் பணத்தில் ஆய்வு நடந்தது என்பதை வைத்து 59 ஆய்வுகளைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2007-ல் தரம்பிரித்தார்கள். தொழில்துறை மட்டுமே செலவழித்த ஆய்வுகளில் விளைவு தென்படுவது மிகக் குறைவு. புகையிலை நிறுவனங்கள் செய்ததைப் பார்த்த தலைமுறைக்கு இது அதிர்ச்சி தராது. ஆனாலும் மேலே நான் அடுக்கிய பெரிய ஆய்வுகள் அரசுப் பணத்திலும் பொதுப் பணத்திலும் பெருமளவு நடந்தவை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

புற்றுநோயை விட்டால் மற்றவை? மூளை இந்த அலையை உணராமல் இல்லை. 2011-ல் அமெரிக்க ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு 47 பேரின் காதில் 50 நிமிடம் போனை வைத்து ஸ்கேன் எடுத்தது. ஆன்டெனாவுக்கு அருகே இருந்த மூளைப்பகுதி 7 சதவீதம் கூடுதலாகச் சர்க்கரையை எரித்தது. அது நல்லதா கெட்டதா என்று அவர்களே சொல்லவில்லை. தூக்கத்தில் மூளை அலைகள் சற்று மாறுவதை ஜூரிச் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. விந்தணு பற்றி ஆண்கள் கூச்சத்தோடு கேட்பதுண்டு. சுவிட்சர்லாந்தில் 18 முதல் 22 வயதுள்ள 2,886 இளைஞர்களைப் பார்த்த ஆய்வு 2023-ல் வந்தது. நாளுக்கு 20 முறைக்கு மேல் போனை எடுப்பவர்களிடம் விந்தணு அடர்த்தி குறைவாக இருந்தது. ஆனால் போனைப் பேண்ட் பையில் வைப்பவர்களுக்கும் சட்டைப் பையில் வைப்பவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அலை காரணமென்றால் தெரிந்திருக்கவேண்டும். 2ஜி போய் 4ஜி வரவர அந்தத் தொடர்பே மெலிந்தது. 4ஜி போன்கள் குறைந்த பலத்தில் பேசுபவை என்பதால் அலையை முழுக்க விடுவிக்கவும் முடியவில்லை. இந்தக் கேள்வி திறந்தே இருக்கிறது.

அடுத்து, "டவர் வந்ததிலிருந்து தலைவலி" என்பவர்கள். இவர்களைக் கேலி செய்வது எனக்குப் பிடிக்காது. தலைவலி உண்மை, தூக்கமின்மை உண்மை. காரணம் அலைதானா என்பதைக் கண்டுபிடிக்க வழி உண்டு: அலை இருக்கிறதா இல்லையா என்று ஆளுக்குச் சொல்லாமல் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது. அப்படி 725 பேரிடம் நடந்த 31 சோதனைகளை லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 2005-ல் தொகுத்தார்கள். அலை இருக்கும்போதுதான் வலிக்கிறது என்று நம்பத்தக்க வகையில் காட்டமுடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே கிரெய்கவன் என்ற பகுதியில் 2009-ல் ஒரு டவருக்கு எதிராக மக்கள் கூடினார்கள். தோல் தடிப்பு, குமட்டல், தலைவலி என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். டவரை அணைத்து ஆறு வாரத்துக்கு மேலாகிறது என்று நிறுவனம் பிறகு தெரிவித்தது. அந்த மக்கள் பொய் சொல்லவில்லை. பயமே உடம்பில் நோயாக இறங்கும். அப்படியென்றால், ஆதாரமில்லாமல் பயத்தைப் பரப்புகிறவர்களும் நோயைப் பரப்புகிறவர்கள்தான்.

இப்போது டவருக்கு வருவோம். அலையின் பலம் தூரத்தின் வர்க்கத்தில் குறையும்: இரண்டு மடங்கு தள்ளிப்போனால் கால்பங்கு, பத்து மடங்கு தள்ளிப்போனால் நூறில் ஒன்று. 20 வாட் அனுப்பும் ஆன்டெனா, அதை ஒரு திசையில் குவிப்பதால் ஐம்பது மடங்கு பெருக்கினாலும், 50 மீட்டர் தள்ளி நிற்பவர்மேல் படுவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.03 வாட். 2012 செப்டம்பரில் இந்தியா, சர்வதேச எல்லையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து வகுத்த அளவு 900 மெகாஹெர்ட்ஸுக்கு 0.45 வாட். கலங்கரை விளக்கத்தின் ஒளி அதன் காலடியில் விழாததுபோல, டவர் இருக்கும் வீட்டுக்காரரைவிட, அதே உயரத்தில் எதிரே மிக அருகில் இருக்கும் மாடிக்குத்தான் அதிகம் படும். அளக்கவேண்டியது அங்கே.

தெருவில் நாம் யோசிக்காமல் விட்டது வேறு. டவர் தொலைவில் இருந்தால் போன் சும்மா இருக்காது. பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லப் பேசுகிற நாம், ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடக் கத்துகிறோம் அல்லவா? போனும் அதைத்தான் செய்கிறது. சிக்னல் முழுக் கோடுகளோடு இருந்தால், தன் பலத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பேசி முடித்துவிடும். ஒரே ஒரு கோடு இருந்தால் முழுப் பலத்தில் கத்தும், அதுவும் நம் காதுக்குள். டவரை விரட்டிய தெருவில் மக்கள் தலைக்குள் போகும் அலை கூடத்தான் செய்யும். எங்கள் தெருக் கூட்டத்தில் அன்றைக்கு ஒருவர், சிக்னல் கிடைக்காமல் இங்கும் அங்கும் நடந்துகொண்டே அதிகாரியிடம் காதோடு போனை அழுத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். டவர் வேண்டாம் என்றுதான் பேசினார்.

நீதிமன்றங்களும் இதில் இருபக்கமும் சாய்ந்திருக்கின்றன. 2012-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை அருகே டவர்களை அகற்றச் சொன்னது. 2017-ல் குவாலியரைச் சேர்ந்த வீட்டுவேலை செய்யும் ஒருவர், பக்கத்து மாடி டவரால்தான் தனக்குப் புற்றுநோய் வந்தது என்று முறையிட, ஏழு நாளில் அதை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021-ல் 5ஜிக்கு எதிராக நடிகை ஜூஹி சாவ்லா தொடுத்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து 20 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. பிறகு அது 2 லட்சமாகக் குறைந்தது. 5ஜியின் மில்லிமீட்டர் அலை புதுப்பூதம் என்கிறவர்கள் ஒன்றை நினைக்கலாம். 1895-ல் கொல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் அத்தகைய குறுகிய அலைகளைக் கம்பியில்லாமல் அனுப்பித்தான் தொலைவில் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்தார். அந்த அலைகள் தோலின் மேல்படலத்தைத் தாண்டி ஆழமாகப் போவதில்லை. இந்தியாவில் 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3.5 கிகாஹெர்ட்ஸ் அருகில், அதாவது வைஃபையின் அண்டையில்தான்.

சிட்டுக்குருவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தமிழ் வாசகர் மன்னிக்கமாட்டார். 2018-ல் வந்த '2.0' படத்துக்குப் பிறகு, டவர்தான் குருவியைக் கொன்றது என்பது நம் ஊரில் முடிந்த முடிவாகிவிட்டது. 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. ஓட்டு வீட்டு இடுக்குகளும் முற்றத்தில் உலர்த்திய தானியமும் குஞ்சுக்கு ஊட்டப் புழுவும் போன ஊரில் குருவிக்கு என்ன வேலை? பறவையை மனிதன் உண்டாக்கும் அலை குழப்புவதும் உண்மை; ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் ராபின் பறவைகளின் திசையறிவு கெட்டதை 2014-ல் நிரூபித்தார்கள். அது 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மின்னிரைச்சல். செல்போன் அலைவரிசை அதற்கு வெகு மேலே.

பயம் இருக்கிற இடத்தில் வியாபாரம் வந்துவிடும். போனின் முதுகில் ஒட்டும் ஸ்டிக்கர், கழுத்தில் தொங்கும் 'குவாண்டம்' பதக்கம். 2020 அக்டோபரில் மத்திய அரசின் பசு ஆணையமான ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக்கின் தலைவர், கதிர்வீச்சைக் குறைக்கும் என்று பசுஞ்சாணச் சில்லு ஒன்றை அறிமுகப்படுத்தினார். ஆதாரம் கேட்டு நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கடிதம் எழுதினார்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம் 5ஜியிலிருந்து காப்பதாக விற்ற பத்துப் பொருள்களைச் சோதித்தது. அவற்றிலிருந்தே அயனியாக்கும் கதிர்வீச்சு வந்துகொண்டிருந்தது. குழந்தைக்கான கைக்காப்பு ஒன்றும் அதில் இருந்தது. யாராவது உங்களிடம் இப்படி ஒன்றை விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மொத்தத்தில் என் முடிவு: டவருக்கும் வீட்டு வைஃபைக்கும் பயப்பட இன்றைய ஆதாரத்தில் இடமில்லை. காதோடு ஒட்டிய போனால் மூளைப் புற்றுநோய் வரும் என்ற சந்தேகம் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து வருகிறது. ஆனால் எலிகள் எழுப்பிய கேள்வி ஓயவில்லை; ஐந்து வயதில் போனைக் கையில் எடுத்து எழுபது வயதுவரை வைத்திருக்கப்போகும் முதல் தலைமுறை இப்போதுதான் வளர்கிறது. அவர்களைப் பற்றிய ஆய்வு முடிய அவர்கள் முதுமை அடையவேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத அளவுக்கு எச்சரிக்கை மலிவானது. பிரான்ஸ் 2015-லேயே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் காப்பகங்களில் வைஃபையைத் தடுத்துச் சட்டம் செய்தது. நாம் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நீளமாகப் பேசினால் ஸ்பீக்கரில் போடலாம், அல்லது இயர்போன் மாட்டலாம். சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் லிஃப்டிலும் ஓடும் பேருந்திலும் அவசரமில்லாத பேச்சைத் தள்ளிவைக்கலாம். அரசிடம் கேட்கவேண்டியதும் ஒன்று உண்டு: தொலைத்தொடர்புத் துறை 2017-ல் தொடங்கிய 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் கிடைக்கிற டவர் விவரத்தை, ஒவ்வொரு டவருக்கும் எதிர்மாடியில் அளந்த அளவோடு, தமிழில், வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். எண்ணைக் கண்ணால் பார்க்கிற தெரு இவ்வளவு பயப்படாது.

எதிர்வீட்டு அக்காவிடம் இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. "டவரை விடுங்கக்கா, போனைப் பேரன் தலைமாட்டுலேர்ந்து எடுத்து அலமாரியில வைங்க, அலாரம் அங்கேர்ந்தும் கேக்கும்" என்றேன். இப்போது அங்கேதான் வைக்கிறார். உங்கள் வீட்டிலும் இன்றிரவே அப்படி வையுங்கள், முதலில் குழந்தை தூங்கும் அறையிலிருந்து தொடங்குங்கள்.